மீதிப் பவுடர்

பானுமதியின் மகனுக்குத் தாய்ப்பால் ஆகாது. பிறந்த சில நாட்களிலேயே உடம்பெல்லாம் மஞ்சளித்து, குடித்ததையெல்லாம் கக்கினான். செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை டாக்டர் ரோகிணி ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பால்ல இருக்கிற சர்க்கரை இவன் உடம்புக்கு விஷம்மா. உங்க பால், பசும்பால், ஆட்டுப்பால், எதுவும் ஒரு சொட்டுகூடக் கூடாது. சோயா பவுடர்தான் இவனுக்குச் சாப்பாடு."

அவர்களுடைய கடப்பாக்கத்து மீனவக் குப்பத்தில் இப்படியொரு நோயை யாரும் கேள்விப்பட்டதில்லை. பெற்றவளின் பால் பிள்ளைக்கு விஷமாகுமா? கங்கையம்மன் முன்னால் நின்று பானுமதியும் இதைத்தான் கேட்டு அழுதாள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தபோது பாலைப் பீய்ச்சி மணலில் விட்டாள். ஆனால் பவுடரைக் கரைத்துக் கொடுக்கக் கொடுக்க மஞ்சள் இறங்கியது; கன்னம் உப்பியது. ஹேமந்த் என்று பெயர் வைத்தார்கள். அம்மாவின் குரல் கேட்டால் சிரிக்கவும் தொடங்கினான்.

அப்போதுதான் டி.வி.யில் அந்த விவாதம் வந்தது. சோயா பவுடர் குழந்தைக்கு நல்லதா, கெட்டதா? பெண்களின் உடம்பில் சுரப்பதைப் போன்ற ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்றார் ஒருவர். பல வருடமாகக் குடித்த பிள்ளைகள் நன்றாகத்தானே வளர்ந்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நிதானமாக ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. முதலாமவர் பேசிய துண்டை மட்டும் யாரோ வெட்டி அனுப்ப, குப்பத்தில் எல்லார் போனிலும் அதுவே ஓடியது.

பானுமதியின் கணவன் சுதாகரை வலை சரிசெய்யும் இடத்தில் கூட்டாளிகள் நிம்மதியாக உட்கார விடவில்லை. "மச்சான், உன் புள்ளைக்கு இப்பவே ஒரு பாவாட தச்சு வெச்சுடு!"

அவன் வீட்டுக்கு வந்து கத்தினான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? அந்த டப்பாவத் தூக்கிப் போடு!"

"போட்டுட்டு இன்னாத்தக் குடுக்கறது? கடல் தண்ணியா?"

மறுபடி செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அவங்க கேக்கற கேள்வி தப்பில்லம்மா. பால் ஒத்துக்கற குழந்தைக்கு இது வேணுமான்னு யோசிக்கத்தான் வேணும். ஆனா அவங்க எல்லாக் குழந்தைங்களையும் பத்திப் பேசறாங்க. நான் உங்க குழந்தையப் பத்திப் பேசறேன். இவனுக்கு இத விட்டா வழியில்ல."

மருந்துக்கடை ராமானுஜம், "வாங்கினவங்கள்லாம் திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க. இனிமே வருமோ வராதோ, உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். பயப்படாதம்மா" என்று டப்பாக்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையின் தெம்பில் ஊர் வந்து சேர்ந்தாள்.

பக்கத்து வீட்டில் ஓரகத்தி சங்கவி. அவளுக்கு அனு என்று ஒரு கைக்குழந்தை. இருவரில் கரையில் மீன் ஏலத்துக்குப் போகிறவளின் பிள்ளையை வீட்டிலிருப்பவள் பார்த்துக்கொள்வாள். அழுதால் தன் பாலையே கொடுப்பாள். அந்தக் குப்பத்தில் இதை யாரும் கேட்பதுமில்லை, இதற்கு நன்றி சொல்வதுமில்லை. பானுமதி மட்டும் பவுடரைக் கரைத்துப் புட்டியில் வைத்து, "இத மட்டும் குடுடி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு வாரத்தில் ஹேமந்த் மறுபடி கக்கினான். கண் மஞ்சளித்தது. தூக்கினால் துணி மாதிரி துவண்டான்.

"பால் ஏதாவது குடுத்தீங்களா?" என்று செங்கல்பட்டில் டாக்டர் கேட்டார்.

"சாமி சத்தியமா இல்ல" என்றாள் பானுமதி. கூட வந்திருந்த சங்கவி அனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றாள்.

பிள்ளை பிழைக்கவில்லை. சவுக்குத் தோப்புக்கு அப்பால் அடக்கம் செய்தார்கள்.

"டி.வி.ல அப்பவே சொன்னான். கேட்டியா நீ?" என்று சுதாகர் ஒரு தடவை கேட்டான். அதற்குப் பிறகு அவளோடு முகங்கொடுத்துப் பேசவே இல்லை. ஏலத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர்கள் பேசுவதைவிட, தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் பானுமதியைத் தின்றது. என் கையால் கரைத்துக் கொடுத்ததுதானா? தினமும் அம்மனிடம் அதையே கேட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் சங்கவி வந்தாள். தோளில் அனு கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தாள்.

"அக்கா... ஹேமந்தோட பவுடர் மீதி கீதா?"

"உனக்குத்தான் பால் கீதே, இது இன்னாத்துக்கு?"

"என் பால் வேணாங்க்கா. இவளாவது பொழைக்கட்டும்."

டப்பாவை எடுக்க நீண்ட பானுமதியின் கை பாதியில் நின்றது.

"பவுடர் குடிச்சா புள்ள கெட்டுப் பூடும்னு போன்ல சொன்னானேக்கா. நீ ஏலத்துக்குப் போறப்பல்லாம்... ஒரு வாய் நல்ல பால் குடிக்கட்டுமேன்னு..." சங்கவி அனுவைத் தோள் மாற்றினாள். "ஆசையா குடிச்சான்க்கா."

பானுமதிக்கு நான் கொல்லவில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே இவள் முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ள வேண்டும் என்று கை துடித்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சுதாகர். "இன்னா சத்தம் இங்க?"

ஒரு வார்த்தை போதும். இத்தனை நாளாக அவள் தலையில் கிடந்த பழி இறங்கிவிடும். சங்கவி கண்ணை மூடிக்கொண்டாள். அனு வீறிட்டாள். அந்தப் பசியின் குரலில்தான் அம்மன் வந்து நின்றாளோ என்னவோ, பானுமதியின் கை இறங்கியது.

"ஒண்ணும் இல்ல. புள்ள பசியா கீது" என்றாள்.

அவன் போன பிறகு சங்கவியைப் பிடித்து உட்காரவைத்தாள். குழந்தையை அவள் மடியில் கிடத்தி, முந்தானையைத் தானே விலக்கினாள்.

"குடுடி."

"பயமா கீதுக்கா..."

"உன் பால்ல ஒண்ணும் இல்ல. அவன் ஒடம்புக்குத்தான் ஆவல. அவனுக்கு எம் பாலும் விஷம்தான். குடு."

அனு தேடிப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்கத் தொடங்கினாள். சங்கவி சத்தமில்லாமல் குலுங்கினாள். பானுமதி குழந்தையின் காலைப் பிடித்தபடி, விழுங்கும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனும் இப்படித்தான் குடித்திருப்பான்.