பெட்டி பிரித்த கை

என் வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா உண்டு. பெயர் மொக்கம்மாள், எனக்கு மதினி. குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து மதினியின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த ஊரான சுருளிப்பட்டிக்கே திரும்பி வந்து, எங்களுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். அதெல்லாம் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நடந்தது. அவர் தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய கைதான் என் பிரச்சினை.

அந்தக் கையில் அப்படியொரு ராசியாம். என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து, சாமி மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லுவார். எங்கள் தோட்டத்தில் முதல் திராட்சைக் குலையை மதினிதான் வெட்ட வேண்டும். பைக் சாவி மதினி கைக்குப் போய்விட்டுத்தான் இவர் கைக்கு வந்தது. பிரிட்ஜ் வாங்கினோம், அதில் முதல் பாட்டில் தண்ணீரை வைத்தது மதினி. சரி, தொலையட்டும் என்று விடலாம். நான் சுமந்து பெற்ற பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்கிற சேனையும் மதினி கைதான். சேனை வைத்தவர் குணம்தானே பிள்ளைக்கு வரும்? இன்றைக்கு என் மகள் இடுப்பில் கை வைத்து நிற்பதும், தலையைச் சாய்த்துப் பேசுவதும் அத்தையை உரித்து வைத்திருக்கிறது. பெற்றவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அதனால் இந்தப் புதுப் போன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. போன் ஒன்றுதான் பைத்தியம். யாராரோ பெட்டி பெட்டியாகப் போனைப் பிரித்துக் காட்டுகிற வீடியோக்களைத் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பிரிக்கிற அந்த நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்று என்னிடம் விளக்கம் வேறு. இந்தத் தடவை திராட்சை நல்ல விலைக்குப் போனது. புது மாடல் விற்பனைக்கு வருகிற முதல் நாளே வேண்டும் என்று தேனிக் கடையில் முன்கூட்டியே பதிந்து வைத்தார். அந்தக் கொடிக்கு அடியில் கழுத்து ஒடிய அண்ணாந்து நின்று குலை திருத்தியது நான். பெட்டியை முதலில் தொடப்போவது மட்டும் மதினி. நன்றாக இருக்கிறதே நியாயம் என்று நானும் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கடை வாசலில் பலூன் கட்டி, கேக் வெட்டி, கல்யாண வீடு கெட்டது போங்கள். முதலில் வந்தவர்களுக்கு ரோஜா மாலை. கடைக்காரர் செல்வின் எனக்கும் ஒன்றைப் போட்டுவிட்டார். இவர் தன் பழைய போனை மாற்றுக்குக் கொடுத்துவிட்டு, புதுப் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தரச் சொன்னார். செல்வின் முடியாது என்றார். கடையிலேயே திறந்து, சிம்மைப் போட்டு, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம். வீட்டில் போய்ப் பிரித்து, திரையில் கோடு விழுந்திருந்தால் கடை பொறுப்பில்லையாம். இவருக்கு முகம் சுண்டிவிட்டது. அக்கா இல்லாமல் எப்படிப் பிரிப்பது என்று கடைக்காரரிடம் சொல்ல முடியுமா?

எனக்கு அதுதான் நேரம். "கொண்டாங்க இங்கன, நான் பிரிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

ஓரத்துக் காகிதப் பட்டையை நானே இழுத்தேன். மூடி மெதுவாக, தானாக இறங்குகிற மாதிரி கழன்றது. உள்ளே கறுப்பாக ஒரு பளபளப்பு. கையில் எடுத்தால் கனமும் இல்லை, லேசும் இல்லை, ஓரமெல்லாம் அவ்வளவு வழவழப்பு. என் விரல் இடுக்கில் போகாமல் கிடக்கிற பூச்சிமருந்து வாடைக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது. சார்ஜர் எங்கே என்று கேட்டேன். அதைத் தனியாக வாங்க வேண்டும் என்றார் செல்வின். இவ்வளவு பெரிய போனுக்கு இவ்வளவு கஞ்சத்தனம். கேமராவைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். கன்னத்து மங்கு, மூக்கோரத்துப் பரு, ஒன்றையும் விடாமல் எடுத்துக் காட்டியது. இருந்தாலும் மனசு நிறைந்துதான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? என் போனை செல்வினிடம் கொடுத்து, மாலையும் கழுத்துமாக, திறந்த பெட்டியும் கையுமாக ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். அந்தச் சூட்டோடு ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டேன். ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டேன். ஊர் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியாதா?

திரும்பிப் பார்த்தால் இவர் கடையில் செல்லோடேப் கேட்டுக்கொண்டிருக்கிறார். போனைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, நான் கிழித்த பட்டையை அதே இடத்தில் பொருத்தி ஒட்டுகிறார். கைப்பிள்ளைக்குச் சட்டை போடுகிற பதனம். அக்காவிடம் ஒன்றும் சொல்லிவிடாதே, அக்காதான் முதலில் பிரித்தது என்று இருக்கட்டும் என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. நான் தொட்டது தொட்டதில் சேர்த்தி இல்லையா?

சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். என் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று தட்டிப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் மதினி பெயர். போட்ட கொஞ்ச நேரத்திலேயே பார்த்திருக்கிறார். முதலில் குளுகுளு என்றிருந்தது. பிறகு மிச்ச டீயைத் தரையில் ஊற்றிவிட்டேன். இவர் கையில் வேறு போன் இல்லை, சிம்மும் பெட்டிக்குள். இவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் இன்றைக்கு ஒரு சண்டை உறுதி, எதையும் மிச்சம் வைக்காமல் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

மதினி எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து காத்திருந்தார். இவர் பெட்டியை நீட்டினார். மதினி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு டேப்பின் நுனியை நகத்தால் தேடினார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கானுக" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மதினி மூடியைத் தூக்கினார், போனை எடுத்தார், முன்னும் பின்னும் திருப்பினார், முகம் தெரிகிற கண்ணாடியாக இருக்கிறதே என்று வியந்தார். ஏற்கெனவே பிரித்த பெட்டி என்று அவருக்குத் தெரியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படியொரு வெளிச்சம். தேனியிலிருந்து வரும் வரைக்கும் அந்த முகத்தில் அது இல்லை. அல்வா வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நான் அடுப்படிக்குப் போனேன். மதினியும் பின்னாலேயே வந்தார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு தாயி. மாலையோட லட்சணமா இருந்த."

"பாத்துட்டுத்தான் பாக்காத மாதிரி நடிச்சீகளா?" என்றேன். சேர்த்து வைத்திருந்ததில் அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"பின்ன என்ன செய்யச் சொல்ற? அவன் மூஞ்சியப் பாத்தேல்ல. எனக்குத் தெரியும்னு அவங்கிட்டச் சொல்லிராத. அந்தப் படத்தையும் எடுத்துரு."

மதினி தண்ணீர்க் குடத்துப் பக்கம் உட்கார்ந்து, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்டுக்காரரு செத்த வருசம் தோட்டத்துல போர் போட்டாக. நான் ஓரமா நின்னேன். இன்னும் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னாக. இவன் தேங்காயக் கொண்டாந்து எங்கையில குடுத்து ஒடைக்கச் சொன்னான். தண்ணி வந்துச்சு. மிஷின் போட்டா வரத்தான செய்யும்? எங்கக்கா கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அன்னையிலருந்து எது வாங்குனாலும் எங்கிட்டக் கொண்டாந்து நீட்டுறான். நான் எந்த விசேசத்துலயும் பின்னாடி நின்னுறக் கூடாதுன்னு பாக்குறான்."

அந்தக் கையை என் பக்கம் விரித்துக் காட்டினார்.

"எங்கையில ஒண்ணும் கெடையாது தாயி. ஜீப்புல ஏறுன அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்குத் தூக்குவாளியில சோறு கட்டிக் குடுத்தது இந்தக் கைதான். இனிமே நீயே பிரி. எனக்குக் கைவலின்னு அவங்கிட்டச் சொல்லிக்கிறேன்."

இத்தனை வருஷமாக நான் ஏங்கிய ஒன்றை, கறிவேப்பிலை கொடுப்பது போல எடுத்துக் கொடுத்துவிட்டார். சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்கு எப்படி இருக்கும்? இப்படி ஒரு மனுஷியோடு என்னவென்று சண்டை போடுவது? ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நானும் திட்டி ஆறியிருப்பேன். என் போனை எடுத்து ஸ்டேட்டஸை அழித்தேன்.

அல்வாப் பொட்டலத்தோடு இவர் வந்து சேர்ந்தார். புதுப் போனில் முதல் போட்டோ அக்காவைத்தான் எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்கு எதற்கு, உன் பெண்டாட்டியை எடு என்று சொல்லிக்கொண்டே மதினி பின்னால் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டார். அந்த நகர்கிற விதம் அவருக்குப் பழகிப்போன ஒன்று என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள். நேராகப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இங்கன வாங்க மதினி. அங்கன போயி என்ன நிப்பு? அடுத்து வாங்குற வண்டிக்கும் நீங்கதான் சாவி போடணும். கைவலி காலுவலின்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டு வராதீக."

மதினி என்னையே பார்த்தார். இவர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்தார். எடுத்ததைப் பெரிதாக்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்து, அக்கா எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறார்கள் என்று பூரித்தார். பக்கத்தில் நிற்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குத் திரும்பவும் எரிந்தது. எரிந்துகொண்டேதான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.