கேட்டுக்கு வெளியே நின்ற வண்டி

தங்கையின் இறந்துபோன கணவருடைய மோட்டார் சைக்கிள் கேட்டுக்கு வெளியே நின்று தானாகவே ஹாரன் அடித்தது. மறுநாள் அவள் அதில்தான் புது வேலைக்குப் போயாக வேண்டும். மெக்கானிக்கான அவள் அண்ணன் ஹாரன் சுவிட்சைப் பிரித்துத் துடைத்தார். தேய்ந்த ஒயருக்கு டேப் சுற்றினார். சத்தம் ஓயவில்லை.

“மச்சான் வண்டியாச்சே, அதான் வாய் நீளம்!” என்றபடி பேட்டரியையே கழற்றித் தரையில் வைத்தார்.

அப்போதும் ஹாரன் ஒலித்தது: இருமுறை குறுகி, ஒருமுறை நீண்டு. அவர் தரையில் கிடந்த பேட்டரியைத் திரும்பிப் பார்த்தார்.

தங்கை ஓடிவந்தாள். “அண்ணா, அவர் இப்படித்தான் அடிப்பாரு. கேட்டைத் திறக்கிற வரைக்கும் விடமாட்டாரு.”

அவள் கேட்டைத் திறந்ததும் ஹாரன் அடங்கியது.

“பேட்டரியை மாட்டுங்கண்ணா. ஓட்டிப் பார்க்கிறேன்.”

அவள் ஏறி அமர்ந்தாள். ஷாக் அப்சார்பர் அமுங்கியது. பிறகு, பின்னால் யாரோ ஏறியதுபோல், இன்னொரு முறையும் அமுங்கியது.