சபூரா திருடிய பைனாகுலர்

நிகத் எழுதி, தானே படமும் வரைந்த முதல் குழந்தைகள் கதையில், சபூரா என்ற ஒன்பது வயதுப் பெண் பக்கத்து வீட்டு ஞானஜோதி டீச்சரின் பைனாகுலரைத் திருடுகிறாள். பொழிச்சலூரில் தலைக்கு மேல் இறங்கும் விமானங்களின் சன்னல்களில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மொட்டைமாடியிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டதும் பொய் சொல்கிறாள். அதைக் காப்பாற்ற இன்னும் மூன்று பொய். கடைசியில் திருப்பிக் கொடுக்கிறாள். மன்னிப்பு மட்டும் கேட்பதில்லை.

சபூரா முஸ்லிம் என்பது அவள் பெயரிலும், தகப்பனை 'அத்தா' என்று கூப்பிடுவதிலும் மட்டும்தான் தெரியும்.

சேலையூரில் ஒரு பதிப்பகம், பல சமூகக் குழந்தைகளின் அடையாளத்தையும் மரபையும் கொண்டாடும் வரிசை ஒன்றைத் தொடங்கியிருந்தது. நிகத் அனுப்பிய கதையைப் படித்துவிட்டு, அதன் ஆசிரியர் சத்யபிரியா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேசை மேல் ஏற்கெனவே வந்த புத்தகங்கள் கிடந்தன. மீனவக் குழந்தை கையில் மீன், மலைவாழ் குழந்தை கையில் தேன். எல்லா அட்டையிலும் ஒரே சிரிப்பு, பற்பசை விளம்பரம் போல.

"கதை சூப்பர், நிகத். ஆனா இதுல ஐடென்டிட்டி எங்க?"

"யாரோட ஐடென்டிட்டி, மேடம்?"

"உங்களோடதுதான். இப்ப இது யார் வீட்டுக் கதையா வேணா இருக்கலாம் இல்ல?"

அதைத்தான் தன் கதையின் சிறப்பு என்று நிகத் நினைத்திருந்தாள்.

"அப்புறம், 'அத்தா'ன்னா நிறைய பேருக்குப் புரியாது. 'அப்பாஜான்'னு போட்டுடலாம். சினிமால கேட்டிருப்பாங்க, டக்குனு கனெக்ட் ஆகும்."

முதல் புத்தகம். அச்சில் பார்க்கும் ஆசை. நிகத் தலையாட்டினாள். அடுத்து சபூராவின் தகப்பனுக்குத் தொப்பி கேட்டார்கள். வரைந்தாள். எல்லாப் பக்கத்திலும் கேட்டார்கள். தூங்கும்போதும் தொப்பியோடு அவரை வரைந்தபோது தன் கையைப் பார்க்க அவளுக்கே இளப்பமாக இருந்தது.

பம்மலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவள் அத்தா அப்துல் கஃபார் அந்தப் படங்களைப் புரட்டினார்.

"இன்னாம்மா இது? நம்ம வூட்ல யாரு அப்பாஜான்னு கூப்ட்டா? என்னிய அப்டி கூப்ட்டா வேற யாரையோன்னு போய்க்கினே இருப்பேன்."

"புக்குக்காக அத்தா."

"அந்த புக்க நம்ம புள்ளைங்க படிக்காதா?"

நிகத் படங்களை வாங்கி அடுக்கி வைத்தாள்.

வெளியீட்டு விழா வண்டலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அரங்கில் நடந்தது. அங்கேதான் அச்சான பிரதி முதன்முறையாக அவள் கைக்கு வந்தது. சபூரா எதையும் திருடவில்லை. பெருநாள் அன்று ஞானஜோதி டீச்சருக்குச் சேமியா பாயசம் கொண்டுபோகிறாள். டீச்சர் மனம் நெகிழ்ந்து பைனாகுலரைப் பரிசளிக்கிறார். இருவரும் மாடிக்குப் போய்ப் பிறை தேடுகிறார்கள். பிறை தெரிந்த பிறகுதான் பெருநாளே வரும் என்று சொல்லக்கூட அந்த அலுவலகத்தில் ஓர் ஆள் இல்லை. விமானம் ஒன்றுகூட இல்லை. கடைசி நான்கு படங்களை வேறு யாரோ வரைந்திருந்தார்கள்.

"என்ன மேடம் இது?"

"ஒரு மைனாரிட்டி குழந்தை திருடுதுன்னு போட்டா தப்பாயிடும் நிகத். உங்க நல்லதுக்குத்தான்."

"அப்போ குறும்பு பண்றதுக்குக்கூட எங்க பிள்ளைங்களுக்குக் கொடுத்து வைக்கலையா?"

"அப்புறம் பேசலாம். ஸ்டேஜுக்கு வாங்க. தலையில துப்பட்டா போட்டுக்கிறீங்களா? போட்டோக்கு நல்லா இருக்கும்."

நிகத் துப்பட்டாவைத் தோளிலேயே விட்டுவிட்டு மேடை ஏறினாள். புத்தகத்திலிருந்து வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள். முன்வரிசையில் இருந்த கிருபா என்ற எட்டு வயதுச் சிறுமி கையைத் தூக்கினாள்.

"அக்கா, இவ தப்பே பண்ண மாட்டாளா?"

நிகத் புத்தகத்தை மூடினாள்.

"பண்ணுவா. இதுல எழுதியிருக்கிறது பொய். நெஜமா என்ன ஆச்சு தெரியுமா? அந்த பைனாகுலரை அவ திருடிட்டா."

அரங்கில் சத்தம் அடங்கியது. சபூரா பைனாகுலரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்த இடத்தில் கிருபா வாயைப் பொத்திக்கொண்டாள். பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்ற பொய்க்கு எல்லோரும் சிரித்தார்கள். சத்யபிரியா ஓரத்திலிருந்து சைகை காட்டினாள். நிகத் பார்க்காதது போல் இருந்தாள். மைக் அணைந்தது. "கிட்ஸ், ஸ்நாக்ஸ் ரெடி!" என்று சத்யபிரியா கூவினாள். ஒருவரும் எழவில்லை. மைக் இல்லாமல் கேட்காது என்று எல்லோரும் மேடைக்கு அருகே நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். நிகத் முடிவு வரைக்கும் சொன்னாள்.

மறுநாள் தன் பெயரை எடுத்துவிடும்படி பதிப்பகத்துக்கு எழுதினாள். ஒரு மாதமாவது கெஞ்சுவார்கள் என்று நினைத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் 'ஓகே' என்று பதில் வந்தது.

நான்கு மாதம் கழித்து, தாம்பரத்தில் ஒரு புத்தகக் கடையில் இரண்டாம் பதிப்பைப் பார்த்தாள். எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் 'இஸ்லாமிய நாட்டுப்புறக் கதை' என்று போட்டிருந்தது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நிகத் சிரித்தாள். கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். கோபப்படவும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டியிருந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கிருபாவின் அம்மா விழா அன்றே நிகத்தின் எண்ணை வாங்கியிருந்தாள். நிஜக் கதை வேண்டும் என்று மகள் படுத்துகிறாள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நிகத் பழைய படங்களைத் தேடி எடுத்தாள். தொப்பிக்காரத் தகப்பனைத் தூக்கிப் போட்டுவிட்டு, செம்புக் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிய ஒரு மனிதரை வரைந்தாள். இருபத்திரண்டு பக்கம். ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, முப்பது பிரதி கிருபாவின் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் கிருபா போன் செய்தாள்.

"அக்கா, படிச்சிட்டேன். ஆனா கடைசில அவ பைனாகுலரைத் திருப்பிக் குடுக்கிறது நல்லால்ல. நானா இருந்தா குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"அவ இன்னும் ஒரு பிளேன்லகூட யாரையும் பாக்கவே இல்லையே."

அது உண்மை. நிகத் அதைக் கவனிக்கவே இல்லை. கடைசி இரண்டு பக்கங்களை மறுபடியும் வரைய உட்கார்ந்தாள்.