முட்டிக்குக் கீழே ஒரு மேடு

எழிலரசி சில வாரங்களாகவே படியிறங்கும்போது இடது காலைத் தாங்கித் தாங்கி வைப்பதை அவள் அம்மா சுகுணா கவனித்திருந்தாள். கேட்டால், "பிராக்டீஸ்ல லேசா பிடிச்சிக்கிச்சும்மா" என்பாள். ஒருநாள் சாயங்காலம் பாப்பாரப்பட்டிப் பள்ளி மைதானத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சுகுணா அதைப் பார்த்தாள். முட்டிக்குச் சற்றுக் கீழே, புடைத்துக்கொண்டு ஒரு மேடு. விரலால் தொட்டதும் மகள் துடித்துப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"எத்தன நாளா இருக்குது?"

"செலக்‌ஷன் முடியட்டும்மா. கோச் சார்கிட்ட மட்டும் சொல்லிடாத. டீம்ல இருந்து தூக்கிடுவாரு."

சுகுணா அந்த மேட்டையே பார்த்தாள். அவள் அண்ணன் தீர்த்தகிரிக்குப் பள்ளிக்கூட வயதில் முட்டிக்குப் பக்கத்தில் இப்படித்தான் வீங்கியது. விளையாட்டில் அடிபட்டதென்று வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. அவர் பிழைத்து, இப்போது காரிமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஆனால் அந்த வீக்கத்தைச் சுகுணா மறக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினாள். பயிற்சி போய்விட்டதே என்று எழிலரசி வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா மேட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன விளையாடுற?" என்றார்.

"ஃபுட்பால் மேடம்."

"குதிக்கிற பயிற்சி நெறைய உண்டா?"

"தெனமும் தவளைத் தாவல் இருக்குது. கேலரி படியில ஏறி எறங்கணும். அப்புறம் ஹர்டில் தாண்டுவோம்."

சுகுணா இடையில் புகுந்தாள். "மேடம், கேன்சர் இல்லீங்களே?"

எழிலரசி திடுக்கிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைச் சுகுணா பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இல்லீங்கம்மா. பயப்படாதீங்க. இவளுக்கு எலும்பு வேகமா வளருது. தொடைத் தசை அந்த வேகத்துக்கு நீளல. குதிக்கிறப்பெல்லாம் தசை இந்த எடத்தப் பிடிச்சு இழுக்குது, அதான் வீங்கிக்கிச்சு. ஓடியாடுற பிள்ளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான். வலி போயிடும். மேடு மட்டும் கொஞ்சம் நிக்கலாம்."

"அப்ப விளையாடக் கூடாதா?" என்றாள் எழிலரசி.

"விளையாடலாம். வலிக்கிற அளவுக்கு வேணாம். குதிக்கிறத மட்டும் கொஞ்ச காலம் விட்டுடு."

வெளியே வந்ததும் சுகுணா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். தீர்த்தகிரி மறுபடி கேட்டார்.

"நெஜமாவே அது இல்லியா?"

"இல்லியாம்ணா."

"ஏம்மா, இத நீ ஒருத்தியே மனசுல வெச்சிக்கிட்டு இருந்தியா?" என்றவர் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் இருவரும் நேராக மைதானத்துக்குப் போனார்கள். பயிற்சியாளர் மாதவராஜ் சுகுணா சொன்னதைக் கேட்டுவிட்டு எழிலரசியிடம், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"தூக்கிடுவீங்கன்னு பயம் சார்."

அவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, யாருக்கெல்லாம் கால் வலி இருக்கிறது என்று கேட்டார். "யாரையும் தூக்க மாட்டேன், சொல்லுங்க" என்ற பிறகுதான் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒருத்திக்கு முட்டி, இன்னொருத்திக்குக் குதிகால்.

அந்த வாரத்திலிருந்து பயிற்சி மாறியது. தினசரித் தவளைத் தாவல் நின்றது. குதிப்பதெல்லாம் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றானது. மற்ற நாட்களில் சின்னக் கட்டத்துக்குள் பந்தோடு ஆட்டம். குறுகிய தூர ஓட்டம், நடந்து இளைப்பாறிவிட்டு மறுபடி ஓட்டம். ஞாயிறு முழு ஓய்வு. எழிலரசிக்குத் தொடைத் தசையை நீட்டுவதும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவதும், நின்ற இடத்தில் பாஸ் கொடுப்பதும்தான். மாவட்ட அணிக்கான செலக்சனில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து குமுறி அழுதாள். சுகுணா தடுக்கவில்லை; பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் வலி போய்விட்டது. மாதவராஜ் மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டினார், பிறகு குதிப்பையும் சேர்த்தார். தை மாதத்தில் காரிமங்கலத்தில் நடந்த ஆட்டத்தில் அவளை இறக்கினார். தீர்த்தகிரி கடையைப் பூட்டிவிட்டு, ஊன்றுகோலோடு வந்து தங்கை பக்கத்தில் நின்றார்.

கார்னரிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. எழிலரசி எம்பித் தலையால் முட்டினாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவளோ இரண்டு காலையும் ஊன்றி இறங்கி, எதுவுமே நடக்காதது போலத் திரும்பித் தன் இடத்துக்கு ஓடினாள்.

"அடடா, போச்சே!" என்று தீர்த்தகிரி தொடையில் தட்டிக்கொண்டார்.

"போனா போவுதுண்ணா" என்றாள் சுகுணா. "இன்னொருக்கா குதிப்பா."