பீச்சாங்கைக் கோடு

பரளச்சி கனகலட்சுமி அம்மா, காற்றில் சாய்ந்த தன் புஞ்சைக்காட்டு வேம்பை அறுத்து, அலமாரி செய்யச் சொல்லி தச்சுவேலை பார்க்கும் முனீஸ்வரியிடம் கொடுத்திருந்தார். பலகை அளவுக்கு அளவுதான். ஒன்று கெட்டாலும் மாற்றுக்கு மரம் கிடையாது. பலகையில் அளவுக்கோடு போட முனீஸ்வரியிடம் இருந்த மார்க்கிங் கேஜோ திருகு தேய்ந்து, கோடு கிழிக்கையிலேயே நழுவியது. அதனால்தான் அவள் கணவன் வெள்ளத்துரை தன் லோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவளோடு அருப்புக்கோட்டையில் பால்பாண்டியின் தச்சுச்சாமான் கடைக்கு வந்திருந்தான்.

பால்பாண்டி இரண்டு கேஜை எடுத்து வைத்தார். ஒன்றில் பித்தளை மின்னியது. தண்டில் அளவும் பொறித்திருந்தது.

“இதையே எடுத்துரு முனீஸு. நம்பரெல்லாம் போட்டிருக்கு பாரு” என்றான் வெள்ளத்துரை.

“நம்பரு எதுக்கு? பலகைக் கனத்துல நேரா வச்சே அளவு புடிச்சுக்கிருவேன்” என்று அவள் இடது கையை நீட்டினாள்.

“தாயி, தாயி! இன்னும் போணியாகல. பீச்சாங்கையால தொடாதீக!” என்று பதறினார் பால்பாண்டி.

வெள்ளத்துரைக்குச் சுருக்கென்றது. அவளோ சிரித்துக்கொண்டே பித்தளைக் கேஜை வலது கையால் வாங்கினாள். பையிலிருந்து வேப்பந்துண்டை எடுத்து, கேஜின் கட்டையை அதன் விளிம்பில் அணைத்து இழுத்தாள். கேஜின் ஊசி மர ரேகையோடு ஓடி, கோடு கோணிக்கொண்டது.

“கேஜு சரியில்லையோ?”

“கைதான் சரியில்ல அண்ணாச்சி. நீங்க சொன்ன கை.”

பால்பாண்டி தலையைச் சொறிந்தார். “சரி, ஒங்க கையாலயே போடுங்க.”

இடது கைக்கு மாற்றினாள். பித்தளைக் கேஜின் திருகு அவள் கட்டைவிரலில் இடித்தது. அதை ஒதுக்கி, வெறும் மரத்தாலான மற்றதை எடுத்தாள். அதன் திருகு மேலே இருந்தது. இறுக்கி, மேசையில் அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு இழுத்தாள். ஒரு சிலும்புகூடக் கிளம்பாமல் மயிரிழையாய் விழுந்தது கோடு. ரோட்டிலேயே காலம் தள்ளும் வெள்ளத்துரை, இவ்வளவு நேரான ஒன்றைப் பார்த்ததில்லை.

“ஆத்தாடி!” என்றார் பால்பாண்டி. “பணத்தையாவது சோத்தாங்கையால குடுங்க தாயி.”

“ஸ்கேன் பண்ணித்தான அனுப்பப்போறேன்? அதுல எந்தக் கைன்னு பாப்பீக?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாளையம்பட்டியில் அவளது பட்டறையில் கனகலட்சுமி அம்மாவின் பலகை மேசைக்கு ஏறியது. முனீஸ்வரி புதுக் கேஜை முதலில் மெல்ல ஓட்டி, பிறகு கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். ரம்பம் அந்தக் கோட்டை ஒட்டியே இறங்கியது. உளியால் செதுக்கி, இரண்டு பலகையையும் கோத்துத் தட்டினாள். வெள்ளத்துரை பொருத்தில் நகத்தை விட்டுப் பார்த்தான், நுழையவில்லை.

“பந்தல்குடி லோடு என்னாச்சு? போகலையா?”

“போறேன், போறேன். இன்னொரு கோடு போடு, பாத்துட்டுப் போறேன்.”