மச்சான் பக்கத்து எலும்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வெள்ளாற்றில் கழுத்தளவு நின்று சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். ஆற்றில் கழுத்தளவு தண்ணீர் இருக்கிற மாதமாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம், சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த சேக் பரீதுக்கு வாதம் அடித்து வலது கை விழுந்துவிட்டது. கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றும் ஓர் ஆஸ்பத்திரி கடலூரில் இருந்தது. அங்கே சேர்த்தார்கள். அமராவதி என்ற நர்ஸம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இரண்டு மாதமாகியும் கை அசையவில்லை. பந்துக்கே சலித்துப்போய்த் தானாகக் காற்றை இறக்கிக்கொண்டது.

அதுகூடப் பெரிதில்லை. மகள் சுல்தானாவின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நடுவில் சோற்றைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் தம் முன்னால் இருப்பதை மட்டும் வலது கையால் எடுத்துத் தின்பது முறை.

"சம்பந்தி முன்னால எனக்குக் கரண்டியில ஊட்டுவியா? கை வந்தப்பறம் கல்யாணத்த வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டார் சேக் பரீது.

கை வந்தப்புறம் என்றால் சுல்தானாவுக்கு நரை வந்தப்புறம் என்று அவர் மனைவி சர்புன்னிசாவுக்குத் தெரியும். டாக்டர் மருந்தை நம்பிப் பயனில்லை. புருஷனை உலுக்கக்கூடிய ஒரே மருந்து அவள் தம்பி நைனா முகம்மது. அக்கா கல்யாணத்தன்றே புது மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டி நல்லி எலும்பை எடுத்துத் தின்றவன் அவன். சேக் பரீது அதை இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெரிய தேக்சாப் பானை நிறைய நெய்ச்சோற்றோடு தாய், மகள், தம்பி மூவரும் ரயிலேறினார்கள். பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் அந்த வாசனை பட்டு, கார்டு பச்சைக் கொடியைக் காட்டுவதற்குப் பதில் அதால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவுங்க பக்கம் கைய நீட்டு. எலும்ப எடு. ஆனா மெதுவா" என்றாள் சர்புன்னிசா.

"எடுக்கிறேன் லாத்தா. மெதுவான்னா எப்பிடி? அது எனக்குப் பழக்கமில்லியே" என்றான் தம்பி.

சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்று சொல்லி டாக்டர் சேக் பரீதை அவர்களோடு அனுப்பிவைத்தார். ரிக்‌ஷா பிடித்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், சவுக்கு நிழலில் பாய் விரித்தார்கள். தேக்சாவைத் திறந்ததும் கட்டுமரத்தில் இருந்த மூன்று பேர் வலையைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையேறினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு வாழையிலை போட்டாயிற்று.

சஹனின் ஒரு பக்கம் சேக் பரீது. வலது கை மடியில் பூனை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே நைனா. அவன் தன் பக்கத்தைக் காலி செய்ய ஓர் அலை வந்து திரும்புகிற நேரம்தான் ஆயிற்று. அப்புறம் விரல் எல்லை தாண்டியது.

"மச்சான், அது என் பக்கம்" என்றார் சேக் பரீது.

"காத்துல சோறு தானா சரிஞ்சி வருது மச்சான். நான் என்ன பண்றது?"

"காத்து கடல்லேருந்து அடிக்குது. நீ கடல் பக்கம் குந்தியிருக்க. சோறு காத்த எதுத்தா வரும்?"

"வாப்பா, நான் ஊட்டட்டுமா?" என்றாள் சுல்தானா.

"சும்மா இரு. இவன் எதுவரைக்கும் போறான்னு பாக்குறேன்."

அவன் நல்லி எலும்பு வரைக்கும் போனான்.

பூனை எழுந்தது. பாய்ந்த வேகத்தில் சஹன் அரைச்சுற்று சுற்றியது. சேக் பரீதின் வலது கை மச்சானின் மணிக்கட்டைக் கவ்வியிருந்தது. அதில் கட்டியிருந்த பினாங்குக் கைக்கடிகாரம் நின்று, பெரிய முள் கொஞ்சம் பின்னாலும் போனது.

சர்புன்னிசாவுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. பிடிக்கத் தெரிந்த கைக்கு விடத் தெரியவில்லை.

"உடுங்க மச்சான். வலிக்குது."

"உடத்தான் பாக்குறேன். அது கேக்க மாட்டேங்குது."

கட்டுமரக்காரர்கள் மூவரும் நைனாவின் இடுப்பைக் கட்டி இழுத்தார்கள். பாய், சஹன், சேக் பரீது எல்லாம் சேர்ந்து கடலை நோக்கி நகர்ந்ததே தவிரப் பிடி தளரவில்லை. கை மாட்டிக்கொண்டதால் சாப்பிட முடியாமல் நைனா முதன்முறையாகப் பசி என்றால் என்னவென்று அறிந்தான்.

சர்புன்னிசா சோற்றுக்கடியில் விரலை விட்டு, ஒளித்து வைத்திருந்த இன்னொரு நல்லியை எடுத்தாள். புருஷன் மூக்குக்கு நேரே பிடித்தாள். கை யோசித்தது. மச்சானா, எலும்பா? சுண்டுவிரல் முதலில் பிரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக. எலும்பை வாங்கிய கை முதலில் தாடிக்குப் போயிற்று, பிறகு மூக்குக்கு, கடைசியில் வழி கண்டுபிடித்து வாய்க்கு வந்தது. உறிஞ்சிய சத்தத்தில் சவுக்குத்தோப்புக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தன.

"தேதிய மாத்த வேணாம்" என்றார் சேக் பரீது, வாயைத் துடைக்காமல். "ஆனா அன்னைக்கி இவன என் சஹன்ல குந்த வெக்காத."

சொன்ன தேதியில் நிக்காஹ் நடந்தது. சம்பந்திகள் ஒரே சஹனில் சாப்பிட்டார்கள்.

ஒவ்வொரு சொல்லும் சத்தியம் என்றேனே, அதில் ஒரே ஒரு சொல் மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது: சேக் பரீதுக்கு வாதத்தில் விழுந்தது இடது கை.