பல் டாக்டருக்குச் சொன்ன பதில்

பேக்கரிக்காரி ஓவனுக்குப் பக்கத்தில் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. மாவு பிசைவாள், உருட்டுவாள், தட்டில் அடுக்குவாள். அடுக்கிய தட்டை வாசற்படி வரை கொண்டுவந்து வைப்பாள். படிக்கு அப்பால் ஓவன் அறை. அங்கே மட்டும் கால் போகாது. நாத்தனார் வந்து எடுத்துப் போவாள்.

பல மாதங்களுக்கு முன் ஒரு நாள் கேஸ் கசிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. பற்றவைத்த நொடியில் ஓவன் கதவு பிய்த்துக்கொண்டு பறந்தது. அவளுக்குப் புருவம் கருகியது, கையில் தீக்காயம். புருவம் முளைத்தது, காயமும் ஆறியது. ஓவன் புதிது, குழாய் புதிது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். உடம்பு மறக்கவில்லையே, கண்ணுகளா! எங்கேயாவது தட்டு விழுந்தால் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டாருக்குப் பாசம் அதிகம், யோசனை கொஞ்சம். நாத்தனார் தட்டுகளுக்கு அடியில் துணி ஒட்டினாள். ரொட்டி வெந்ததும் அடிக்கும் மணிக்கு அண்ணனின் பழைய காலுறையை மாட்டிவிட்டாள். வேனில் ரொட்டி கொண்டுபோய்ப் போடும் கணவரோ, சொந்த வீட்டுக் கதவையே திருடனைப்போலச் சாத்தினார்.

மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனவரும் அவர்தான். மாத்திரை இல்லாமல் பேச்சிலேயே வைத்தியம் பார்க்கிற அந்த அம்மாவுக்கு நாத்தனார் வைத்த பெயர் பேச்சு டாக்டர். பேச்சு டாக்டரோ முதல் சில வாரங்கள் விபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றச் சொன்னார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லச் சொன்னார்.

"நாற்காலி, ஜன்னல், உங்க செருப்பு... இதுக்கா இவ்வளவு தூரம் வர்றேன்?"

"ஆத்துல இறங்கறதுக்கு முன்னாடி பிடிச்சுக்கக் கயிறு வேணாமா?" என்று சிரித்தார் ஆலோசகர். "இன்னொன்னும் சொல்லிடறேன். பேச ஆரம்பிச்சதும் கொஞ்ச நாள் இப்ப இருக்கறதைவிட மோசமாத் தோணலாம். குட்டையைக் கலக்கினா முதல்ல சேறுதான் மேல வரும். அப்ப ஓடிடாதீங்க, என்கிட்ட சொல்லுங்க. தாங்கலைன்னா வேகத்தைக் குறைச்சுக்கலாம்."

தலையாட்டினாள். அதெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பேச ஆரம்பித்தாள். சேறு வந்தது. நின்றுபோயிருந்த வெடிப்புக் கனவுகள் திரும்பின. மாவில் உப்பு போட்டோமா என்பதே மறந்து, ஒரு நாள் உப்பில்லாத ரொட்டி ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"டாக்டர்கிட்டப் போய் நோய் வாங்கிட்டு வந்தவ நான் ஒருத்திதான். இனிமே போகலை" என்றாள் கணவரிடம்.

"வேணாம்னா விடு" என்றார் அவர். அவருக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

அந்த வாரமே அது நடந்தது. கணவர் வேனில் போயிருந்தார். நாத்தனார் முன்கடையில் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். காலுறை மாட்டிய மணி காலுறைக்குள்ளேயே அடித்து ஓய்ந்துவிட்டது. கருகல் வாசனை முதலில் ஏறியது பேக்கரிக்காரியின் மூக்கில். கூப்பிடக் குரல் வரவில்லை. காலைத் தரையில் ஊன்றினாள். "தட்டு. சுவர். விளக்குமாறு. ஓவன்" என்று முணுமுணுத்தபடியே படியைத் தாண்டினாள். கேஸைத் திருகி அணைத்தாள்.

நாத்தனார் ஓடிவந்தபோது, புகைக்கு நடுவே மணியிலிருந்து காலுறையை உருவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! நீங்களா உள்ள!"

"உங்கண்ணன் காலுறை நாறுறது போதாதுன்னு ரொட்டியையும் நாறடிக்கணுமா?"

சொன்னதும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டையில் நின்றது. மூச்சு அடைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் கேட்க இனிக்கும். நடந்தது அப்படி இல்லை. இரண்டு நாள் படுத்த படுக்கை. ஆனால் அதற்கடுத்து ஆலோசகரிடம் போனாள், தானாகவே.

"படியைத் தாண்டினேன். பலன் என்ன, பழையபடி நடுக்கம்."

"நடுங்கிக்கிட்டேதானே தாண்டினீங்க? அது சின்ன விஷயமா? சரி, மூச்சு அடைச்சது எப்ப? புகையைப் பார்த்தப்பவா?"

யோசித்தாள். "இல்லை. சிரிப்பு வந்தப்ப."

யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னாள். விபத்து நடந்த அன்று நாத்தனார் வாசலில் நின்று கதையளந்துகொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர், பன்னு கல்லு மாதிரி இருக்கிறதென்று சண்டைக்கு வந்த கதை. "நான் என்ன சொன்னேன் தெரியுமா, அண்ணி" என்றாள். இவள் வயிறு குலுங்கச் சிரித்தபடியே பற்றவைத்தாள். வெடித்தது.

"சிரிச்சா ஏதாவது ஆயிடும்னு ஒரு பயம். அசட்டுத்தனமா இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லலை."

"அசடு இல்லைங்க. ரெண்டும் ஒரே நொடியில வந்ததால உடம்பு சேர்த்து முடிச்சுப் போட்டுடுச்சு. மெதுவா அவிழ்க்கலாம்." பிறகு அவரே கேட்டார்: "ஆமா, பல் டாக்டருக்கு என்ன பதில் சொன்னாங்களாம்?"

அவளுக்குத் தெரியாது.

அதன்பிறகு முடிச்சு அவிழ்க்கும் வேலை நடந்தது. தட்டுகளில் ஒட்டிய துணியைப் பிய்த்தார்கள். "அண்ணி, போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் தட்டைத் தரையில் போடுவாள். இவள் துள்ளுவாள், மூச்சு விடுவாள், "இன்னொரு தடவை" என்பாள். சில நாள் ஓவன் வரை போனாள். சில நாள் படியோடு திரும்பினாள். திரும்பிய நாட்களில் அழுதாள். பிறகு அழுவதும் குறைந்தது.

ஒரு காலை ஓவன் முன்னால் நின்று, "அந்தப் பல் டாக்டர் கதையைச் சொல்லு" என்றாள்.

நாத்தனார் முகம் சுண்டியது. "அது வேணாம் அண்ணி. அன்னையிலேர்ந்து என்கூடச் சிரிக்கறதையே விட்டுட்டீங்க. என் மேல கோவம்னு..."

"அடி அசடே! உன் வாய்க்குக் கோவிச்சுக்கறதுன்னா கல்யாணமான மறுநாளே ஓடியிருப்பேன். மீதியைச் சொல்லு."

மெதுவாக மூச்சை விட்டாள். ஓவனைப் பற்றவைத்தாள். நீல நிறத்தில் சுடர் வரிசையாக எழுந்தது.

"'நாங்க இப்படிப் பன்னு போடலைன்னா உங்க கிளினிக் படியை யாரு சார் மிதிப்பாங்க'ன்னு கேட்டேன்."

"அதுக்கு அவரு?"

"ரெண்டு பன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு."

"இவ்வளவுதானா? இதைக் கேட்கவா இத்தனை மாசம் காத்திருந்தேன்?"

சிரிப்பு வந்தது. பாதியில் நெஞ்சு இறுக்கியது. காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். சுடர் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. மீதிச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரோடு.

நாத்தனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தூக்கினாள். "அண்ணி, உப்பு போட்டீங்களா?"

"போட்டேன்டி!" என்றாள் பேக்கரிக்காரி. சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துளி மாவைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.